மனை ஓரிடம், பிழைப்பு ஓரிடம்: ஆற்றங்கரையிலிருந்து பெயர்ந்த 43 குடும்பங்கள்

2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, வேலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஆற்றங்கரையிலிருந்து மலையடிவாரத்துக்கு மாற்றப்பட்ட 43 குடும்பங்களைப் பற்றிய பதிவு இது. அந்தக் குடும்பங்களோடு நான்கு ஆண்டுகள் வேலை செய்த ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளராக எழுதுகிறேன். ஊர், ஆட்கள், கம்பெனிகள் எதன் பெயரையும் குறிப்பிடவில்லை. எங்கள் நிறுவனம் நல்ல எண்ணத்தோடு செய்த ஒரு காரியம் ஒன்பது குடும்பங்களுக்குக் கெடுதலாக முடிந்தது. அது எப்படி நடந்தது என்பது இதே வேலையில் இருக்கிற மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும்.

பின்னணி

கவுண்டன்யா ஆறு ஆந்திர மலைகளில் பிறந்து, மோர்தானா அணையைத் தாண்டி, குடியாத்தம் வழியாகப் பாலாற்றில் சேர்கிறது. வருடத்தின் பெரும்பகுதி மணலும் முள்ளுமாகக் கிடக்கும். அதனால்தான் அதன் கரையில் வீடு கட்டிக்கொள்ள யாருக்கும் பயம் வரவில்லை. நாங்கள் பேசிய குடும்பங்களில் பாதிக்கு மேல் தாத்தா காலத்தில் பாலாற்றுப் பக்கம் விவசாயக் கூலிகளாக இருந்தவர்கள். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு கிணற்றுத் தண்ணீரைக் கெடுத்த கதை வடஆர்க்காட்டில் எல்லோருக்கும் தெரியும். 1996 ஆகஸ்ட் 28ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கழிவு பற்றிய வழக்கில் கொடுத்த தீர்ப்பை இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக நடத்துகிறார்கள். ஆனால் தீர்ப்பு வருவதற்கு முன்பே பலர் நிலத்தை விட்டு டவுனுக்கு வந்துவிட்டார்கள். பீடி, தீப்பெட்டி, லுங்கித் தறி, ஷூ கம்பெனி என்று டவுன் அவர்களுக்கு வேலை கொடுத்தது. இடம் கொடுக்கவில்லை. மிச்சமிருந்தது ஆற்றங்கரைதான்.

ஆற்றங்கரை என்பது நீர்நிலைப் புறம்போக்கு. அங்கே எத்தனை தலைமுறை இருந்தாலும் பட்டா கிடைக்காது. பட்டா இல்லாமல் அரசு வீடும் கிடைக்காது, வங்கிக் கடனும் கிடைக்காது. மின் இணைப்பும் ரேஷன் அட்டையும் அந்த முகவரியில் இருந்ததால் தங்களுக்கு உரிமை இருக்கிறது என்று அவர்கள் நம்பியிருந்தார்கள்.

வெள்ளமும் இடமாற்றமும் (2021 நவம்பர் – 2022)

அந்த நவம்பரில் மோர்தானா நிரம்பி வழிந்து ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. அதே மழையில், நவம்பர் 19 அதிகாலை, பேரணாம்பட்டில் ஒரு வீடு இடிந்து 4 குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு ஆபத்தான இடத்தில் யாரையும் விட்டுவைக்க நிர்வாகத்துக்கு மனம் வராததில் வியப்பில்லை. எங்கள் 43 குடும்பங்களும் முதலில் ஒரு பள்ளிக்கூடத்திலும், பிறகு ஒரு கல்யாண மண்டபத்திலும் தங்கின. 2022 தொடக்கத்தில் கரையில் இருந்த வீடுகள் அகற்றப்பட்டன. கோடை முடிவதற்குள் 9 கிலோமீட்டர் தள்ளி, ஒரு ஊராட்சியின் மலையடிவாரத்தில், தலா 3 சென்ட் மனைப் பட்டா கொடுத்தார்கள். பட்டாக்கள் பெண்கள் பெயரில் இருந்தன.

இதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆறே மாதத்தில் பட்டா கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் வேலை எங்கே இருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை. நாங்களும்தான்.

நாங்கள் செய்தது தகரம் கொடுத்தது. மனையைச் சுத்தம் செய்து, நான்கு கம்பம் நட்டு, ஓலையும் தார்ப்பாயும் போட்டு அவர்கள் குடியேறியபோது, கையில் இருந்த நிவாரணப் பணத்தில் கைக்குழந்தை உள்ள, வயதானவர்கள் உள்ள 9 குடும்பங்களுக்குத் தகரக் கூரை போட்டுக் கொடுத்தோம். யாரிடமும் கலந்து பேசவில்லை. மழைக்கு முன்னால் தலைக்கு மேல் ஏதாவது வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

கண்டது (2023)

2023 பிப்ரவரியில் ஒரு வாரம் விடியற்காலையில் போய்ப் பார்த்தோம். இரவு மனையில் தங்கியவை 18 குடும்பங்கள். 14 குடும்பங்கள் டவுனில் வாடகைக்குப் போயிருந்தன. 11 குடும்பங்கள் பழைய கரைக்கு மேலே சொந்தக்காரர்கள் வீட்டில் ஒண்டியிருந்தன. பட்டா எல்லோர் கையிலும் பத்திரமாக இருந்தது. பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார்கள்.

'ஏன் திரும்பிப் போனீங்க?' என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள், 'அங்க இன்னா இருக்குது சார்?' அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. அதனால் கேள்வியை மாற்றினோம். நேற்று காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை எங்கே போனீர்கள், எதற்காக, எவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு பெண்ணிடமும் உட்கார்ந்து எழுதினோம். மொத்த ஆய்விலும் உருப்படியான வேலை இதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

43 வீடுகளில் 29 வீட்டுப் பெண்கள் பீடி சுற்றுகிறவர்கள். கம்பெனி ஏஜெண்ட் கொடுக்கும் இலையையும் புகையிலைத் தூளையும் வாங்கி வந்து, இரவே இலையை நனைத்து, தகட்டு அளவுக்கு வெட்டி, மடியில் முறத்தை வைத்துச் சுற்றி, கட்டுக் கட்டி, ஆயிரம் கணக்கில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏஜெண்ட் இருப்பது டவுனில். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆகவே காசு பிரச்சினை இல்லை. ஆனால் அந்த ஊருக்கு ஒரு நாளைக்கு மூன்று முறைதான் பஸ். பீடி கொடுத்துவிட்டு இலை வாங்கிவர அரை நாள் போகிறது. அரை நாள் போனால் பாதி பீடிதான் தேறும். மலைக்காற்றில் இலை சீக்கிரம் காய்ந்து வெடிக்கிறது. அப்படிச் சுற்றிய பீடியை ஏஜெண்ட் கழித்துவிடுகிறார்.

8 வீடுகளில் இளம்பெண்கள் ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கப் போகிறார்கள். 2019ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூர் திருப்பத்தூரோடு போய்விட்டது. இப்போது அவர்களுக்கு வீடு ஒரு மாவட்டம், வேலை ஒரு மாவட்டம். கம்பெனி வண்டி காலை 6 மணிக்கு மெயின் ரோட்டில் நிற்கும். மனையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர், தெருவிளக்கு கிடையாது. அந்த அடிவாரத்தில் யானை இறங்குவது புதிதல்ல. மலைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவின் கவுண்டன்யா சரணாலயம் இருக்கிறது.

ஒரு பாட்டி சொன்னதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்: 'மனை குடுத்தாங்க, வாங்கிக்கினோம். பொழப்பு அங்கயே நின்னுகினு கீது.'

ஒரே மேசை (2023 இறுதி)

அந்த நாள்-குறிப்புகளை எடுத்துக்கொண்டு முதலில் ஊராட்சித் தலைவரிடம் போனோம். அவருக்கு இந்தக் குடும்பங்கள் புது வரவு, ஓட்டும் இன்னும் டவுனில்தான் இருந்தது. இருந்தும் படித்துவிட்டு, 'இதுல எனக்கு வேலை இருக்குது, பஞ்சாயத்தால மட்டும் முடியாது' என்றார். அவர் கூப்பிட்டதால்தான் மற்றவர்கள் வந்தார்கள். நாங்கள் கூப்பிட்டிருந்தால் வந்திருக்க மாட்டார்கள்.

மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கட்டடத்தில், மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கூடுவது என்று முடிவாயிற்று. வந்தவர்கள்: தலைவர், ஊராட்சிச் செயலர், கிராம நிர்வாக அலுவலர், ஒன்றியத்தின் ஓவர்சியர், கூட்டமைப்புச் செயலாளர், பீடி ஏஜெண்ட், ஷூ கம்பெனியின் ஆள்சேர்ப்பு அலுவலர், ஒரு பொறியியல் கல்லூரி ஆசிரியர், மருத்துவமனை ஒன்றின் கிராமச் செவிலியர், குடும்பங்கள் சார்பில் ஐந்து பெண்கள். வங்கி மேலாளர் மூன்று கூட்டத்துக்கு ஒருமுறை வந்தார்.

ஒருவரும் தர்மத்துக்கு வரவில்லை. கை தேர்ந்த சுற்றுக்காரிகள் வேலையை விட்டதில் ஏஜெண்டுக்கு நஷ்டம். ஷூ கம்பெனியில் தையல் தெரிந்த பெண்கள் மூன்று மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். கல்லூரிக்கு மாணவர்களைக் களத்துக்கு அனுப்ப ஓர் இடம் வேண்டும். இதை முதல் கூட்டத்திலேயே வெளிப்படையாகப் பேசவைத்தோம். யாருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த பிறகு பேச்சு சுருக்கமாக முடிந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் முகவரி. 43 குடும்பங்களின் ரேஷன் அட்டையும் இன்னும் நகராட்சி முகவரியில் இருந்தது. அதை ஊராட்சிக்கு மாற்றினால்தான் நூறு நாள் வேலை அட்டை, கிராமப்புற வீட்டுத் திட்டங்கள் எல்லாம் தொடங்கும் என்ற நிலை அப்போது இருந்தது. சின்ன வேலை மாதிரித் தெரியும், நான்கு மாதம் பிடித்தது. நான்கு குடும்பங்கள் இங்கேயே சிக்கிக்கொண்டன. இரண்டில் பட்டாவில் பெயர் உள்ள பெண் இறந்துபோய் வாரிசுச் சான்று எடுக்கவில்லை. இரண்டில் கணவன், மனைவி பிரிந்திருந்தார்கள்.

அடுத்தது பீடி. வாரம் இரண்டு முறை ஏஜெண்டின் ஆட்டோ மனைக்கே வந்து இலை, தூள் இறக்கிப் பீடியை எடுத்துப்போவது, குறைந்தது 20 பேராவது சுற்ற வேண்டும் என்பது பேச்சு. ஏஜெண்ட் அதில் ஒரு நிபந்தனை வைத்தார். கணக்கு எளிதாக இருக்க எல்லோர் சரக்கையும் நான்கு பெண்கள் பெயரில் எழுதிக்கொள்ளலாம் என்றார். நாங்கள் கிட்டத்தட்ட ஒப்புக்கொண்டோம். ஆட்டோ வருவதே பெரிய வெற்றி என்று எங்களுக்கு இருந்தது. அப்போது ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா எழுந்து, 'பாஸ்புக்குல என் பேரு இல்லன்னா முப்பது வருசம் சுத்துனது யாரு?' என்று கேட்டார். யார் எவ்வளவு சுற்றினார் என்று எழுதும் அந்த பாஸ்புக்கில் பெயர் இல்லாவிட்டால் பி.எஃப். இல்லை, பென்ஷன் இல்லை, பிள்ளைகளுக்குப் பீடித் தொழிலாளர் கல்வி உதவித்தொகை இல்லை. பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966லேயே சட்டம் வந்திருந்தும் இந்தப் பெயர் விடும் பழக்கம் போகவில்லை. முடிவில் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக எழுதுவது, அந்தக் கணக்கு வேலையை கூட்டமைப்பின் புத்தக எழுத்தர் செய்து கொடுப்பது என்று நின்றது. அன்று அந்த அம்மா வராமல் இருந்திருந்தால் நாங்கள் கையெழுத்துப் போட்டிருப்போம்.

மூன்றாவது வீடு. 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் கலைஞரின் கனவு இல்லம் அறிவிக்கப்பட்டது. குடிசையில் இருப்பவர்களுக்கு ஒரு வீட்டுக்கு ரூ.3.5 லட்சம், 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை, மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரையைப் பயனாளியே தேர்ந்துகொள்ளலாம். அந்த 60 சதுர அடியைத்தான் கல்லூரி ஆசிரியர் பிடித்துக்கொண்டார். பெண்களோடு உட்கார்ந்து வரைந்து, அதை வடக்குப் பார்த்த ஓட்டுத் திண்ணையாக வைத்தார். வெளிச்சம் வேண்டும், மேற்குக் காற்று இலையில் படக்கூடாது, தூள் அடுப்பங்கரைக்குள் போகக்கூடாது. தூள் வீட்டுக்குள் பரவாமல் இருக்க வேண்டும் என்று செவிலியர் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். இருமல் அதிகம் இருந்த வீடுகளை அவர்தான் பார்த்து வைத்திருந்தார்.

தகரக் கூரை

பட்டியல் எடுக்க வந்தபோதுதான் அந்த அடி விழுந்தது. குடிசை என்றால் குடிசை. தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்டிருந்தால் பட்டியலில் வராது. 2022ல் நாங்கள் தகரம் போட்டுக் கொடுத்த 9 வீடுகளும் கழிந்துபோயின. அந்த மனையில் மிகவும் முடியாதவர்கள் என்று நாங்களே தேர்ந்தெடுத்த 9 வீடுகள் அவை.

ஓவர்சியரைக் குற்றம் சொல்ல முடியாது. விதிப்படி எழுதினார். வீட்டைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் நின்றார் என்பதும் உண்மை. அன்று சாயங்காலம் ஒரு பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, 'தகரத்தக் கழட்டிட்டு ஓலையப் போட்டா எழுதிக்குவாங்களா அண்ணா?' என்று கேட்டார். இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. வேண்டாம் என்றேன். கணக்கெடுப்பு முடிந்த பிறகு கழற்றினால் பிரயோஜனம் இல்லை, மழையில் நனைவதுதான் மிச்சம். அதைச் சொல்லிவிட்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த செவ்வாய்க் கூட்டத்தில் இதை எங்கள் தவறு என்று சொல்லிப் பதிவு செய்தோம். அன்றிலிருந்து ஒரு விதி வந்தது: யார் எந்த உதவி செய்வதாக இருந்தாலும், ஒரு மூட்டை சிமெண்டாக இருந்தாலும், முதலில் இந்தச் செவ்வாய்க் கூட்டத்துக்கு வர வேண்டும். அது வேறு எதையாவது அடைக்குமா என்று ஓவர்சியரும் கிராம நிர்வாக அலுவலரும் பார்த்த பிறகே செய்ய வேண்டும்.

கட்டிய கதை (2024 – 2025)

30 குடும்பங்கள் பட்டியலில் வந்தன. முதல் வருடம் 18 பேருக்குப் பணி ஆணை. ஆணை வந்தது ஆடி மாதத்தில். ஆடியில் யாரும் கடைக்கால் போட மாட்டார்கள். சட்டென்று தொடங்கச் சொல்லி மேலிருந்து நெருக்கடி. வற்புறுத்த வேண்டாம், ஆவணி பிறந்ததும் பூசை போடட்டும், அதற்குள் செங்கல், ஜல்லி, எம்-சாண்ட் இறக்கிவிடலாம் என்று தலைவர் சொன்னார். அது சரியான முடிவு. ஆவணியில் ஒரே நாளில் 6 வீட்டுக்குக் கயிறு பிடித்தார்கள்.

பணம்தான் பெரிய கஷ்டம். தவணை வேலை முடிந்த பிறகுதான் வரும். அடித்தளம் எழும்பினால்தான் முதல் தவணை. அடித்தளத்துக்குக் காசு யாரிடம் இருக்கிறது? பக்கத்து ஊர்களில் இதற்காகவே கந்துவட்டிக்கு வாங்கி, வீடு முடியும்போது கடனும் ஒரு மாடி உயரம் ஆகியிருந்ததைப் பார்த்திருந்தோம். கூட்டமைப்பு தன் நிதியிலிருந்து ஒரு வீட்டுக்கு ரூ.40,000 முன்பணம் கொடுத்தது, மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. 18 வீட்டுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க அவர்களிடம் பணம் இல்லை. அதனால் ஆறு ஆறாக மூன்று சுற்று. முதல் ஆறு வீட்டின் தவணை வந்து கடன் திரும்பினால்தான் அடுத்த ஆறு. இதனால் இன்னொரு நன்மையும் வந்தது: ஒரே மேஸ்திரிக் கூட்டம் தொடர்ந்து வேலை செய்தது, அவர்களும் நடுவில் விட்டுவிட்டுப் போகவில்லை. செங்கல் சூளைக்காரர் ஒருவர் தலைவரின் வாய்ச்சொல்லுக்காக ஒரு சுற்றுக்குக் கடன் கொடுத்தார். சிமெண்டும் கம்பியும் ஒன்றியம் வழியாக வந்து தவணையில் கழிந்தன. மூன்றாம் சுற்றில் ஒரு தவணை இரண்டரை மாதம் தாமதமாயிற்று. நான்கு குடும்பங்கள் எங்களுக்குச் சொல்லாமல், வாரத் தவணை வசூலிக்கும் கடன் குழுவில் கடன் எடுத்துவிட்டன. இதை முன்பே எதிர்பார்த்து ஒரு சிறு தொகை ஒதுக்கியிருக்க வேண்டும்.

கம்பெனி வண்டி விஷயம் ஒரு வருடம் இழுத்தது. வண்டி உள்ளே வந்தால் இருபது நிமிடம் கூடும் என்று கம்பெனி மறுத்துக்கொண்டே இருந்தது. 2024 டிசம்பரில் கே.வி.குப்பம் பக்கம் ஓர் இளம்பெண்ணைச் சிறுத்தை கொன்ற செய்தி வந்தது. மறுநாள் எட்டுப் பேரில் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. அந்த வாரமே வண்டி மனைக்குள் வந்தது, ஊராட்சி ஐந்து தெருவிளக்கு போட்டது. ஓர் உயிர் போன பிறகு நடந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தலைகுனிவு. விளக்குக்கான மனு ஒரு வருடமாகக் கோப்பில் இருந்தது.

பின்விளைவு

2025 இறுதியில் நிலை இது. முதல் 18 வீடுகளும் முடிந்து குடியிருக்கிறார்கள். இரண்டாம் வருடத்து 12ல் 7 வீட்டுக்குக் கூரை ஒட்டியாயிற்று, 5 வீடு லிண்டல் மட்டத்தில் (கதவு, ஜன்னலின் மேல் விளிம்பு வரை) நிற்கின்றன. ஆவணச் சிக்கல் இருந்த நான்கில் இரண்டுக்கு வாரிசுச் சான்று கிடைத்துவிட்டது. இரவு மனையில் தங்குகிற குடும்பங்கள் 18லிருந்து 36 ஆகின. பீடி சுற்றுகிறவர்கள் 24 பேர், எல்லோர் பெயரும் பாஸ்புக்கில் இருக்கிறது.

ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள் 8லிருந்து 15 ஆனார்கள். பிறகு 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. ஓவர்டைம் நின்றது, வாரம் நான்கு நாள் வேலை என்றானது, புதிதாகச் சேர்ந்த 5 பேரை வர வேண்டாம் என்றார்கள். அந்த ஐந்து பெண்களும் அம்மாக்களோடு திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். பீடியிலிருந்து அடுத்த தலைமுறை வெளியே வர வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் விரும்பினோம். ஆனால் அந்த மாதங்களில் அடுப்பெரிய வைத்தது அந்தத் திண்ணைதான். கூட்டமைப்புக்கு வரவேண்டிய தவணைகளில் மூன்று நின்றன. கூட்டம் கூடி, அந்த மூவருக்கும் ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள்.

மறுபடி செய்தால் என்ன மாற்றுவோம்

பட்டா கொடுக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே நாள்-குறிப்பை எடுப்போம். டவுனுக்கு 4 கிலோமீட்டரில் இன்னொரு புறம்போக்கு இருந்தது என்று பின்னால் தெரிந்தது. கொஞ்சம் சிறிய மனையாக இருந்திருக்கும், ஆனால் பெண்களில் பெரும்பாலோர் அதையே எடுத்திருப்பதாகச் சொல்கிறார்கள்.

பெரிய கம்பெனி ஒன்றை மட்டும் நம்பாமல், குடியாத்தம் தீப்பெட்டி, லுங்கித் தொழில்காரர்களையும் முதல் நாளே கூப்பிடுவோம். அவர்கள் வரமாட்டார்கள் என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். ஷூ கம்பெனி இருக்கும் திருப்பத்தூர் மாவட்டத்தின் தொழிலாளர் துறை ஆளையும் அழைக்காமல் விட்டோம். வண்டி விஷயம் ஒரு வருடம் இழுத்ததற்கு அதுவும் காரணம்.

தகரத்தைப் பற்றி ஏற்கனவே சொன்னேன். தற்காலிகக் கூரை போட நேர்ந்தால், அந்தக் குடும்பம் எந்தப் பட்டியலில் இருக்கிறது, அடுத்து எந்தப் பட்டியல் வரப்போகிறது என்று ஒன்றியத்தில் எழுத்தில் கேட்டுவிட்டே போடுவோம். ஒரு கடிதம், ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும்.

அந்த 9 வீட்டில் இரண்டு குடும்பங்கள் குழுக் கடனில் தாங்களே சுவர் எழுப்பிக்கொண்டன. 7 குடும்பங்கள் இன்னும் தகரத்தின் கீழ் இருக்கின்றன. சித்திரை வெயிலில் பகலில் உள்ளே இருக்க முடியாமல் புது வீட்டுக்காரர்களின் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். பேரிடரால் இடம் மாற்றப்பட்டவர்கள் என்ற வகையில் அவர்களுக்கு விலக்கு கேட்டு, ஊராட்சித் தீர்மானமும் தவறை ஒப்புக்கொண்ட எங்கள் கடிதமும் சேர்த்து மாவட்ட நிர்வாகத்துக்கு மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரும்வரை ஒவ்வொரு செவ்வாய்க் கூட்டத்திலும் முதல் பொருள் அந்த 7 வீடுதான்.